வெறும் கூடையின் எடை: மலையிலிருந்து செல் ஏற்பி ஆராய்ச்சிக்கு வர விரும்புகிறவர்களுக்கு

சென்ற மே மாதம் கோத்தகிரிக்குப் போயிருந்தபோது, அம்மாவோடு சேர்ந்து கொழுந்து பறித்தவரின் பேத்தி வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூ முடிவு வந்த வாரம். "அத்தை, நீங்கள் செய்கிற வேலைக்கு நானும் வர வேண்டும் என்றால் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. பாதி சொன்னேன், பாதி விட்டுப்போயிற்று. மலை இறங்கும் வழியெல்லாம் சொல்லாமல் விட்டதுதான் மனத்தில் ஓடியது. அதனால் உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறேன். அவளுக்கும், எஸ்டேட் லைன் வீட்டிலோ படகர் ஊரான ஹட்டியிலோ இருந்துகொண்டு இதே கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் மற்றவர்களுக்கும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொண்டுதான் எதையும் செய்கிறது. செய்தியை வாங்குவது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம். ஒரு மூலக்கூறு வந்து அதில் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம் உள்ளே இருக்கும் ஜி புரதத்தை எழுப்புகிறது. ஜி புரதம் ஒரு நொதியை முடுக்கும் அல்லது அடக்கும். நொதியின் வேகத்துக்கு ஏற்ப சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் கூடும் அல்லது குறையும். அதன் பிறகுதான் இதயத் தசை சுருங்குவதும், மூச்சுக்குழாய் விரிவதும். இந்த வகை ஏற்பிகள் மனிதரிடம் ஏறத்தாழ 800 இருக்கின்றன. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தின் மேல்தான் வேலை செய்கிறது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றது இவற்றை ஆராய்ந்ததற்குத்தான்.

நான் இருபது வருடங்களாக அந்த 800இல் நான்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடினோசின் ஏற்பிகள்: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. தேநீர் குடித்ததும் தூக்கம் கலைவது இவற்றால்தான். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் சேர்கிறது. அது தன் ஏற்பியில் அமர்ந்தால் கண் சொருகும். காஃபீன் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தானும் செய்தி சொல்லாது, சொல்ல வந்ததையும் உட்காரவிடாது. இப்படிப்பட்ட மூலக்கூறுக்குத் தடுப்பான் என்று பெயர். உலர்ந்த தேயிலையின் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை காஃபீன் இருக்கிறது. அம்மா முப்பது வருடம் பறித்துக் கொடுத்தது அந்தத் தடுப்பானைத்தான் என்று நான் அறிந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று.

பள்ளியில் இருக்கும்போது

அம்மா வேலை செய்த எஸ்டேட்டில் கொழுந்தைக் கூடையோடு நிறுத்து, கூடைக்கென்று ஒரு எடையைக் கழிப்பார்கள். மழை நாளில் ஈரத்துக்கென்று மேலும் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது எடை போடுகிறவர் வாயில் வந்ததுதான். ஒரு ஜூலை மாத மழையில் அம்மா கொழுந்து பறிக்கப் போகும் முன்பே வெறும் கூடையைத் தராசில் தொங்கவிடச் சொன்னார். "முதலில் இதை எழுதுங்கள். சாயங்காலம் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்" என்றார். நனைந்த கூடையின் எடை, காய்ந்த கூடையின் எடை இரண்டையும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு என்னை எழுதவைத்தார். ஒரு மாதம் விடாமல் எழுதினோம். அதன் பிறகு அவருடைய கூடைக்கு இஷ்டத்துக்குக் கழிப்பது நின்றது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

ஆய்வகத்தில் இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். சோதனைத் தட்டில் மருந்து சேர்த்த குழியைப் பார்ப்பதற்கு முன், மருந்து சேர்க்காத குழி என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. இந்தத் துறைக்கு வர விரும்புகிறவருக்கு மற்ற எதற்கும் முன்பாக வேண்டியது இந்தப் புத்திதான் என்பது என் உறுதியான எண்ணம். மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் அதற்குப் பிறகுதான். பள்ளி நாட்களிலேயே ஏதேனும் ஒன்றை நாள்தோறும் அளந்து எழுதுங்கள். மழையளவு, வீட்டுக் கோழியின் முட்டை எடை, எதுவாகவும் இருக்கலாம். அளக்கும் கருவியே எவ்வளவு தவறு காட்டுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பதினோராம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உள்ள பிரிவு கிடைத்தால் அதை எடுங்கள். கணக்கு வராது என்று உயிரியலுக்கு ஓடி வருகிறவர்கள் இந்தத் துறையில் பிற்பாடு மிகவும் சிரமப்படுகிறார்கள். மருந்தின் அளவுக்கும் செல்லின் பதிலுக்கும் உள்ள உறவை ஒவ்வொரு நாளும் வரைபடமாகப் போட வேண்டும். மடக்கை தெரியாமல் அது நடக்காது.

தமிழ்வழியில் படிக்கிறவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நானும் தமிழ்வழிதான். நான் செய்தது இது: தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு மொழியிலும் ஒரே வரிசையில் வருகின்றன. மாலையில் தமிழில் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு, அதே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் படித்தேன். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் மொழி மட்டும்தான் புதிது. ஒரு வருடத்தில் பயம் போய்விட்டது. ஆங்கிலத்தில் பேசும் தயக்கம் போக இன்னும் நாலைந்து வருடம் ஆயிற்று. பேச்சுத் தயக்கத்தால் இந்த வேலை ஒருநாளும் கெட்டதில்லை.

கல்லூரியும் நீர்த்தெள்ளும்

நான் உதகை அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். கட்டபெட்டு வழியாகப் போகும் காலை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுகொண்டே போவேன். இந்தத் துறைக்கு விலங்கியலிலிருந்தும் வரலாம், உயிர்வேதியியலிலிருந்தும் வரலாம், மருத்துவத்திலிருந்தும் வரலாம். லெஃப்கோவிட்ஸ் இதய மருத்துவராகத் தொடங்கியவர். மருந்தியல் படித்தவர்கள் ஏற்பி விஷயத்தில் எங்களைவிட ஒரு படி முன்னால் தொடங்குகிறார்கள். ஊட்டியிலேயே ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. எந்தப் பட்டம் என்று மாதக்கணக்கில் குழம்பாதீர்கள். செய்முறை வகுப்பு ஒழுங்காக நடக்கும் இடமா என்று மட்டும் சீனியர்களிடம் விசாரியுங்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை ஒரு சோதனை கொடுத்தார். அதை நீங்களும் செய்ய வேண்டும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். குட்டைகளில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இருக்கும். கடுகளவு, சில சமயம் அதைவிடச் சிறிது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் நுண்ணோக்கியில் வைத்தால் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பது அப்படியே தெரியும். துடிப்பை வாயால் எண்ண முடியாது, அவ்வளவு வேகம். கண் நுண்ணோக்கியில் இருக்க, கை ஒரு தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். 15 வினாடி ஆனதும் நிறுத்தி, புள்ளிகளை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். தேயிலைச் சாறு கலந்த நீரில் பூச்சியை விட்டேன். ஐந்து நிமிடத்தில் துடிப்பு நன்றாகவே கூடியது. புள்ளி வைத்த தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் ஓடினேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "தேயிலை இல்லாத நீரில், இதே விளக்கின் கீழ், இதே ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். அதிலும் கூடியது. ஊட்டிக் குளிரில் சில்லென்று இருந்த நீர் நுண்ணோக்கி விளக்கின் சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தது. நீரின் சூடு எதுவோ அதுதான் அந்தப் பூச்சியின் உடல் சூடும். சூடு ஏறினால் இதயமும் வேகமெடுக்கும். நான் காஃபீனை அளந்ததாக நினைத்தேன், அளந்தது பல்பை.

பிறகு விளக்குக்கும் பூச்சிக்கும் நடுவில் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்துச் சூட்டைக் குறைத்தேன். எண்ணும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் விளக்கை அணைத்தேன். எது தேயிலை நீர், எது வெறும் நீர் என்று எனக்குத் தெரியாதபடி தோழி ஒருத்தி குறியிட்டு எடுத்துக்கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் பத்துப் பூச்சிகள். வேறுபாடு இருந்தது, முதல் நாள் நான் குதித்ததில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியைத்தான் நான் நம்பினேன். பின்னாளில் முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வில் "நீங்கள் செய்த சோதனை ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். இந்தப் பல்பைப் பற்றித்தான் சொன்னேன். மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நன்றாக வந்த முடிவோடு, தவறாக வந்து நீங்களே கண்டுபிடித்துத் திருத்திய ஒன்றையும் கொண்டுபோங்கள்.

தேர்வுகள், பணம்

பிளஸ் டூ முடித்ததும் நேராக ஆராய்ச்சிப் படிப்பில் சேர ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு படிப்பு இருக்கிறது; நுழைவுத் தேர்வில் நான்கு பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். பி.எஸ்சி. முடித்தவர்கள் எம்.எஸ்சி. சேர ஜாம், காட்-பி தேர்வுகள். எம்.எஸ்சி.க்குப் பிறகு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், கேட், உயிரித் தொழில்நுட்பத் துறையின் இளநிலை ஆய்வாளர் தேர்வு, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் நுழைவுத் தேர்வு. ஒரே தேர்வை நம்பி இரண்டு வருடம் வீட்டில் உட்காராதீர்கள். கிடைத்த ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிப்பெட் பிடித்துக்கொண்டே எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் மலையிலிருந்து வருகிறவர்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இந்தக் கட்டத்தை எட்டிவிட்டால் வீட்டுக்கு அனுப்பவும் முடியும். அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் கடினம். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, முனைவர் பட்டம் ஐந்தாறு, அதற்கு மேல் முதுமுனைவர் ஆய்வு மூன்று நான்கு வருடம். சொந்த ஆய்வகம் என்று ஒன்று அமையும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கிவிடும். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் எந்த வருடம் எது முடியும் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தார். உறவினர் கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

கல்லூரியில் படிக்கும்போதே, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கொடுக்கும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதைத் தவறவிடுகிறவர்கள் பலர். இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வகத்தில் இருந்தால் இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும்.

வழிகாட்டியைத் தேடும்போது

ஏற்பி ஆராய்ச்சிக்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாபா சட்டோபாத்யாய், செரட்டோனின் ஏற்பியின் வேலைக்கு மேலுறையில் உள்ள கொலஸ்ட்ரால் எப்படி அவசியம் என்று வருடக்கணக்காகக் காட்டியவர். கான்பூர் ஐஐடியில் அருண் சுக்லா, ஏற்பியை அடக்கும் அரெஸ்டின் புரதங்களை ஆராய்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சந்தியா விஸ்வேஸ்வரய்யா குடலில் உள்ள ஓர் ஏற்பியையும் வயிற்றுப்போக்கையும் இணைத்துப் பார்த்தவர். இவர்களின் கட்டுரைகளை எடுத்துப் படங்களை மட்டும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் கன்ட்ரோல் எது என்று விரல் வைத்துக் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு எழுத்தைப் படியுங்கள்.

வழிகாட்டியின் புகழைவிட அவருடைய மாணவர்களின் முகம் முக்கியம். அங்கே படிப்பவர்களிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதிர்பார்த்தது வராத முடிவைக் கூட்டத்தில் காட்ட முடியுமா?" தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஆய்வகத்தின் முதல் ஆண்டு

ஏழு மாதம் நான் எப்படித் தொலைத்தேன் என்று சொல்கிறேன். உங்களுக்கு அது ஏழு நாளில் முடியட்டும்.

ஹெக் 293 என்ற மனிதச் செல்களை 37 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள பெட்டியில் வளர்ப்போம். அவற்றுக்குள் ஏ2ஏ ஏற்பியின் மரபணுவைச் செலுத்தினேன். ஏ2ஏ தூண்டப்பட்டால் சைக்ளிக் ஏஎம்பி கூட வேண்டும். ஆனால் செல்லுக்குள் அதைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. கூடியதை உடனே கரைத்துவிடும். அதனால் அந்த நொதியை நிறுத்த ஐபிஎம்எக்ஸ் என்ற பொருளைக் குழிகளில் சேர்ப்பது வழக்கம். எல்லாரும் சேர்க்கிறார்கள், நானும் சேர்த்தேன்.

ஃபோர்ஸ்கோலின் போட்ட குழியில் அளவு எகிறியது. ஃபோர்ஸ்கோலின் ஏற்பியின் உதவி இல்லாமலே நேராக உள்ளே இருக்கும் நொதியை முடுக்கும். அது வேலை செய்தால் உள்ளே இருக்கும் எந்திரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். உலகெங்கும் இந்த ஆய்வகங்களில் பயன்படும் இந்தப் பொருள் மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து வருகிறது. சேலம் பக்கத்து விவசாயிகள் பயிரிடுகிறார்களே, அதே கிழங்குதான். ஆனால் அடினோசின் போட்ட குழியில் ஒன்றுமே இல்லை. தட்டையான கோடு. ஏற்பி மேலுறைக்கு வந்து சேரவில்லை என்று முடிவுகட்டினேன். மரபணுவைப் புதிதாகச் செய்தேன். செல்லை மாற்றினேன். அடினோசின் கெட்டுப்போயிருக்கும் என்று மூன்று முறை புதிதாக வாங்கவைத்தேன். ஏழு மாதம்.

ஒரு நாள் பக்கத்து மேசையில் இருந்த அண்ணன், "ஐபிஎம்எக்ஸின் அமைப்பை வரைந்து காட்டு" என்றார். வரைந்தேன். இரண்டு வளையம், நான்கு நைட்ரஜன். பாதி வரையும்போதே கை நின்றுவிட்டது. அது சாந்தீன். காஃபீனின் ஒன்றுவிட்ட சகோதரன். நொதியை நிறுத்துவதற்காக ஒவ்வொரு குழியிலும் நான் போட்டுக்கொண்டிருந்தது அடினோசின் ஏற்பியின் தடுப்பானையே. 1970இலேயே சாட்டின், ரால் இருவரும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் மூளைத் திசுவில் அடினோசினைத் தடுக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். தேயிலையிலிருந்து தியோஃபிலினை 1888இல் ஆல்பிரெக்ட் கோசல் பிரித்தெடுத்தார், அதுவும் இதே குடும்பம்தான். இவ்வளவும் படித்திருந்தேன். குப்பியின் மேல் நான்கு ஆங்கில எழுத்துச் சுருக்கம் இருந்ததால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அன்று முதல் எந்தக் குப்பியைத் திறந்தாலும் அதன் மூலக்கூறு அமைப்பை நோட்டில் கையால் வரைந்த பிறகே திறக்கிறேன். என் மாணவர்களும் அப்படித்தான். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

அதே நொதியை நிறுத்தும், ஆனால் சாந்தீன் அல்லாத ரோலிப்ராமுக்கு மாறினேன். அளவு கூடியது. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. ஒன்றும் சேர்க்காத குழியே உயரமாக இருந்தது. செல்கள் தாமே அடினோசினைக் கசியவிட்டுக்கொண்டிருந்தன. அதைத் துடைக்க அடினோசின் டீஅமினேஸ் நொதியைச் சேர்க்க வேண்டும். அது நாம் போடும் அடினோசினையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதால், அந்த நொதியால் சிதைக்க முடியாத நெகா என்ற மாற்றுப் பொருளைப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தினேன். அழகான வளைகோடு வந்தது. அப்போதுதான் அம்மாவின் கூடை நினைவுக்கு வந்தது. ஏற்பியின் மரபணு செலுத்தாத வெறும் செல்லுக்கும் நெகாவைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் பதில் சொன்னது! ஹெக் 293 செல்லில் பிறவியிலேயே ஏ2பி ஏற்பி இருக்கிறது. வெறும் கூடை என்று நினைத்ததிலும் கொழுந்து இருந்தது. நெகா ஏ2ஏ, ஏ2பி இரண்டையும் தூண்டும். ஏ2பியை அநேகமாகத் தொடாத சிஜிஎஸ் 21680 என்ற தூண்டியை வைத்துத்தான் கடைசியில் எனக்கு வேண்டியதைத் தனியாகப் பிரித்தேன். பிறகு ஏ2ஏயின் தடுப்பானைப் போட்டு அந்தப் பதில் மறைகிறதா என்றும் பார்த்தேன். மறைந்தது. அன்று இரவு விடுதிக்கு நடந்துபோகவே மனமில்லாமல் ஆய்வக வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏ1 ஏற்பிக்கு வேறு பாடம். அது சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கும். ஏற்கெனவே தரையில் கிடப்பது குறைவதை எப்படிப் பார்ப்பது? ஃபோர்ஸ்கோலின் போட்டு முதலில் ஏற்றிவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறக்கியது, நொதியை அடக்கும் ஜிஐ வகை ஜி புரதம்தான் என்று உறுதிசெய்ய, கக்குவான் இருமல் கிருமியின் நச்சைச் சேர்ப்போம். அந்த நச்சு ஜிஐ புரதத்தை முடக்கிவிடும். குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் கக்குவானுக்கும் சேர்த்து முத்தடுப்பு மருந்து தயாரித்த இடம். பள்ளிச் சுற்றுலாவில் அதன் வாசலைக் கடந்துபோனபோது, அந்தக் கிருமியின் ஆயுதத்தை ஒருநாள் நானே பிப்பெட்டில் எடுப்பேன் என்று தெரியாது. காலராவின் நச்சோ நேர்மாறு; நொதியை முடுக்கும் ஜிஎஸ் புரதத்தை அணைக்க முடியாதபடி எரியவிடும், குடல் தண்ணீராய்க் கொட்டும். அப்படி ஒரு நச்சு இருக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் தே. மிகக் குறைந்த வசதியில் அவர் செய்த வேலையைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவை மட்டும் சேர்த்த குழி ஒன்று எப்போதும் இருக்கட்டும். வளர்க்கும் செல்களில் ஒளிந்துகொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியின் தொற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை சோதியுங்கள். நோட்டில் பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.

நோயாளியின் பக்கம் திரும்பும்போது

வேகம் தறிகெட்ட இதயத்துக்கு ஒரு வகைக் கோளாறில் அடினோசினை ரத்த நாளத்தில் வேகமாகச் செலுத்துவார்கள். ரத்தத்தில் அது பத்து வினாடிகூடத் தங்காது. அந்தச் சில நொடியில் இதயம் நின்று, சீரான தாளத்தில் மறுபடி தொடங்கும். முன்பே தேநீரோ காப்பியோ குடித்திருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஆய்வகத் தட்டில் நான் கண்ட தடுப்பான் அங்கே மருத்துவமனைக் கட்டிலில் தெரிகிறது. பார்க்கின்சன் நோய்க்கு ஏ2ஏயின் தடுப்பானான இஸ்ட்ராடெஃபிலின் ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் துணை மருந்தாக அனுமதி பெற்றது.

நம் மலைக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தத்தை முதலில் அறிவித்தது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமனும் கட்புஷ்ஷும் எழுதினார்கள். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அந்த நோயில் அடினோசின் என்ன செய்கிறது என்பது பிற்பாடு வந்த கேள்வி. 2011இல் வந்த ஆய்வு ஒன்று, நோயாளிகளின் ரத்தத்தில் அடினோசின் மிகுந்திருப்பதையும், அது ஏ2பி வழியாகச் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவதை மோசமாக்குவதையும் காட்டியது. மறுபக்கம், ஏ2ஏயைத் தூண்டினால் அழற்சி தணியும் என்ற நம்பிக்கையில் ரெகாடெனோசன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது, பலனில்லை. மூலக்கூறு ஒன்று, ஏற்பி இரண்டு, திசை எதிரெதிர். ஹெக் செல்லில் ஏ2ஏயையும் ஏ2பியையும் பிரிக்க நான் பட்ட பாடு வெறும் தொழில்நுட்பப் பிடிவாதம் என்று நினைத்திருந்தால், இதைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விடும்.

நோயாளியிடம் போவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது தாளில் வரும். தாளில் வராதது ஒன்று உண்டு. பந்தலூர் பக்கம் ஒரு மருத்துவக் குழுவோடு போயிருந்தபோது, பணியர் பழங்குடிக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி என்னைக் கேட்டார்: "முன்னேயும் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன இருந்தது என்று திரும்பி வந்து யாரும் சொல்லவில்லையே?" என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு, முடிவைத் திரும்பிப் போய்ச் சொல்லும் நாளுக்கான பஸ் செலவையும் சேர்த்துத்தான் திட்ட வரவுசெலவு போடுகிறேன். நீங்களும் முதல் திட்டத்திலேயே அந்த வரியைச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. அடினோசின் சம்பந்தமாக ரத்தம் எடுக்க வேண்டுமானால், தன்னார்வலர்கள் முந்தைய 24 மணி நேரம் தேநீர், காப்பி தொடக்கூடாது. தேயிலைத் தோட்டத்தில் இதைக் கேட்பது எளிதல்ல. விடியற்காலைக் குளிரில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் மலையில் கால் எழும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மற்றவர்களைச் சொல்கிறாயே, நான் ஒரு நாள் இருந்து பார்க்கிறேன்" என்றார். காலையில் வெந்நீர் குடித்தார். மதியம் வரை ஒன்றும் சொல்லவில்லை. மாலை நாலு மணிக்கு நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வருடக்கணக்காகக் காஃபீன் அடைத்துவைத்திருந்த ஏற்பிகள் திறந்துகொண்டதும் அடினோசின் மூளையின் ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது, அதுதான் இந்தத் தலைவலி என்று விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "இது வரும் என்று உன் தாளில் எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றார்.

எழுதியிருக்கவில்லை. அன்று இரவே, ஊசி குத்துவதைப் பற்றிய வரிக்கு மேலே அதைச் சேர்த்தேன்.